மழைக்குச் செருப்பு இல்லை

என் முதல் நாட்குறிப்பில், ஒரு குளிர்காலத்து வெள்ளிக்கிழமைக்கு நேரே இரண்டு வரிகள் இருக்கின்றன. "பனி பெய்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம்." எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த நாட்குறிப்பை அப்பாதான் வாங்கித் தந்தார். நடந்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே என்றும் சொல்லித் தந்தார். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவிட்டதில்லை. எல்லாக் கொப்பிகளும் அலுமாரியில் ஆண்டு வரிசையில் நிற்கின்றன. அவற்றில் பிழை என்று நான் அறிந்த பதிவு இது ஒன்றுதான். பனி பெய்தது உண்மை, புத்தகம் திரும்பிப் போனதும் உண்மை. ஆனால் அந்தப் புத்தகம் எங்களிடம் வந்தபோது இருந்ததுபோல் திரும்பிப் போகவில்லை.

இதை உங்களிடம் சொல்லக் காரணம், நீங்களும் அந்த ஆண்டுகளில் மொன்றியலில் வந்திறங்கிய பிள்ளைகள். பாடசாலையில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ், குசினிச் சாப்பாட்டு மேசையில் அப்பாமாரின் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள். "இன்னும் ஒரு வருஷத்திலை டொரொன்டோ போயிடுவம்" என்ற பேச்சை நீங்களும் வருஷாவருஷம் கேட்டிருப்பீர்கள். அங்கே போய்ச் சேரும்போது பிள்ளைக்கு ஆங்கிலம் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கூடுதல். அப்பா ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், தட்டெழுத்தாளராக இருந்தவர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் தட்டுவார் என்று பெயரெடுத்தவர். இங்கே டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி அவருடைய விரல் நுனிகள் வெடித்திருந்தன. மாலையில் வேலைக்குப் போகுமுன் அம்மா அவற்றில் வாசலின் பூசிவிடுவார். பூசி முடியும்வரை அப்பா கையை நீட்டிக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி இருப்பார்.

நாங்கள் இருந்தது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில். படிக்கட்டில் எப்போதும் ஈரச் சப்பாத்து மணம். எங்கள் கதவடியில் தாளிதமும் எதிர்க் கதவடியில் சோளமா ரொட்டியும் மணக்கும். அந்த எதிர்வீட்டில் எல் சல்வடோரிலிருந்து வந்த ஒரு தாய், என் வயதில் ஒரு மகள், நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு தம்பி. தாயும் என் அம்மாவும் ஒரே பஸ்ஸில் ஒரே தையல் தொழிற்சாலைக்குப் போவார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்தவை 'போன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டு சொற்கள்தான். மிச்சத்தைக் கையால் பேசினார்கள். மகளும் நானும் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான பிரெஞ்சு வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தோம். எங்கள் பிரெஞ்சு அரைகுறைதான். இருவருக்கும் ஒரே அளவில் அரைகுறை என்பதால் சண்டை பிடிக்கக்கூட அது போதுமாக இருந்தது.

அவளிடம் ஒரு புத்தகம் இருந்தது. சிறுவர்களுக்கான முப்பது பாட்டுகள். இடப்பக்கம் ஸ்பானிஷ், வலப்பக்கம் அதே பாட்டு ஆங்கிலத்தில். அட்டையில் ஒரு மஞ்சள் ஆடு, காதொன்று கிழிந்து ஒட்டப்பட்டிருக்கும். லொஸ் ஏஞ்சல்ஸில் இருந்த அவளுடைய மாமி ஊருக்கு அனுப்பியது. அவளுடைய அப்பா ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். அந்தப் புத்தகத்தை வைத்துத் தன் மகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பக்கமெல்லாம் அவருடைய பென்சில். இடப்பக்கத்தில் மூச்சு விட வேண்டிய இடங்களில் சிறு சாய்கோடு. வலப்பக்கத்தில் கடினமான ஆங்கிலச் சொற்களின் மேல் அதன் ஓசை. அடியில் பூனை, வாளி, பீங்கான் என்று ஒரு நகத்தளவு படம். ஒரு நாளுக்கு ஒரு பாட்டு, அதற்கு மேல் இல்லை என்பது அவர் வைத்த விதி. முன்னால் புரட்டிப் பார்க்கவும் கூடாது. கடைசிப் பக்கத்தில் உங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன், அங்கே வந்து சேரும்போது பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பத்தொன்பதாவது பாட்டு முடிந்த மறுநாள் ஆட்கள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இதை அவள் அழாமல்தான் சொன்னாள். நானும் அழாமல் கேட்டேன். எங்கள் சித்தப்பாவையும் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள், எனக்கு அது புதிய கதையாக இருக்கவில்லை.

பாடசாலை விட்டு வந்ததும் இரண்டாம் மாடிப் படியில், முதுகு ஹீட்டரில் படும்படி உட்கார்ந்து ஒரு நாளுக்கு ஒரு பாட்டு வாசிப்போம். அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். சாய்கோடு வரும் இடத்தில் அவள் வாயை மூடி மூக்கால் மூச்செடுப்பாள். அவளுடைய அப்பா அப்படித்தான் எடுப்பாராம். பத்தொன்பது முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவோம். மிச்சம் பதினொன்றும் கடைசிப் பக்கமும் அவர் வந்த பிறகு. ஒருமுறை நான் விரலால் இருபதாவதைத் தூக்கப் பார்த்தேன். என் கையில் அடித்துவிட்டாள். தாயும் பார்த்ததில்லை என்றாள். நான்கு எல்லைகள் தாண்டி அந்தப் புத்தகத்தைத் தூக்கி வந்த தாய் ஒரு நாளும் அதைத் திறக்கவில்லையாம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது ஏழாவது பாட்டு. எனக்கு இன்றும் முழுதாக வரும்:

மழை எங்கள் கூரையில் நடக்கிறது,
அதற்குச் செருப்பு இல்லை.
கதவைத் திற அம்மா,
அதற்குக் கால் குளிரும்.

'ல யூவியா நோ தியேனே சபாத்தோஸ்' என்பது இரண்டாம் வரி. அவள் சொல்லும்போது கேட்டு நானும் படியிலிருந்து சொல்லிப் பார்ப்பேன். கட்டடத்துக்குள் எதிரொலிக்கும். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் கதவைத் திறந்து ஏதோ ஏசுவார். என்ன ஏச்சு என்று விளங்காததால் எங்களுக்குக் கோபம் வரவில்லை.

பெப்ரவரியில் பெற்றோருக்கான ஒரு கூடல் இருந்தது. வகுப்பு ஆசிரியை எங்கள் இருவரையும் அந்தப் பாட்டைச் சொல்லச் சொன்னார். அவள் ஒரு வரி, நான் அதன் ஆங்கிலம், இறுதியில் இருவரும் சேர்ந்து பிரெஞ்சில். நான் மனப்பாடம் செய்யப் புத்தகம் வேண்டியிருந்தது. தைப்பொங்கலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன், ஒரு கிழமை, அடுத்த வெள்ளிவரை, வைத்திரு, பத்தொன்பதுக்கு மேல் புரட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள்.

பொங்கலன்று அம்மா வழக்கம்போல் அயலுக்கெல்லாம் கொடுத்தார். எதிர்வீட்டுக்கு ஒரு மூடி போட்ட எவர்சில்வர் சட்டியில் சர்க்கரைப் பொங்கல் போனது. வெள்ளிக்கிழமை அந்தச் சட்டி திரும்பி வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். சிநேகிதி அதைக் கழுவித் துடைத்து, கையில் இரண்டு சாமான் வேண்டாம் என்று புத்தகத்தை ஒரு துவாயில் சுற்றி அதற்குள்ளேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

கொடுத்து விட்ட ஏனத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் உள்ள முறை. ஒரு தேசிக்காயாவது, ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவோம். சட்டிக்குள் இருப்பது எங்களுக்குத்தான் என்பதில் அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

"பாருங்கோ, வெறுஞ்சட்டியா அனுப்பேல்லை. எங்கடை சனம் மாதிரித்தான்" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா துவாயைப் பிரித்தார். வலப்பக்கத்து ஆங்கிலத்தைக் கண்டதும் அவருடைய முகம் மாறியதை நான் ஈரத் தலையோடு நின்று பார்த்தேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுத்தைத் தொடாமல் பக்க ஓரத்தைத் தடவினார். "கடுதாசி நல்ல கடுதாசி" என்றார். அந்தக் குளிர்காலத்தில் அவர் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. இது இரவல் என்று சொல்ல நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அப்பாவின் சிரிப்புக்காக என்று பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தப் புத்தகம் எங்களுடையதாக இருந்தால் என்ன என்று எனக்கும் ஓர் ஆசை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

சனியும் ஞாயிறும் ஏழாவது பாட்டை மட்டும் படித்தேன். பத்தொன்பதுக்கு மேல் புரட்டவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

திங்கட்கிழமை அப்பாவுக்கு ஓய்வு நாள். நான் பாடசாலையால் வந்தபோது குசினியில் மாப்பசை மணந்தது. கோதுமை மாவைத் தண்ணீரில் காய்ச்சிய பசை, ஒரு தேத்தண்ணீர்க் கோப்பையில். பக்கத்தில் ரூல் கோடிட்ட தாள்கள், அடிமட்டம், பிளேட். ஊரில் ஜனவரியில் புதுக்கொப்பிகளுக்கு உறை போடுவதுபோல மஞ்சள் ஆட்டுக்கு மேல் பிறவுண் பேப்பர் உறை. அப்பா முப்பது இடப்பக்கங்களிலும் ஸ்பானிஷின் மேல் ரூல் தாளை அளவாக வெட்டி ஒட்டியிருந்தார். ஒரு சுருக்கம் இல்லை. ஒட்டுமுன் பென்சிலையெல்லாம் அழித்திருந்தார்.

"கிறுக்கல் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன். இதிலை நீ தமிழிலை கருத்து எழுதோணும், பிள்ளை. அங்காலை இங்கிலிஷ், இஞ்சாலை தமிழ். இனி ரெண்டு பக்கமும் எங்கடை."

பின்னட்டைக்கு முன்னால் ஒரு வெற்றுப் பக்கம் இருந்தது. அதில் என் பெயரை மையால், ஆங்கிலத்திலும் தமிழிலும், அச்சடித்ததுபோல் எழுதியிருந்தார். மேசையில் அழிறப்பர்த் தூள் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு குவியலாக இருந்தது. அப்பா கையைக் கழுவப் போன நேரம் அதை வழித்து ஒரு வெறும் படச்சுருள் டப்பாவுக்குள் போட்டேன். ஏன் என்று அப்போது தெரியாது. வேறு எதைச் செய்வதென்றும் தெரியவில்லை.

பாடசாலையில் சிநேகிதி கேட்டபோதெல்லாம் இன்னும் பாடமாகவில்லை என்றேன். வெள்ளிக்கிழமை மாலை, சொன்ன கிழமை முடிந்ததும், தாயும் மகளும் குழந்தையோடு கதவைத் தட்டினார்கள். அப்பா வேலைக்குப் போக ஒரு கையை ஜக்கெட்டுக்குள் விட்டிருந்தார். புத்தகத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, மற்றக் கையை விடாமலேயே போய் அதை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினார். ஆங்கிலத்தில் ஏதோ விளக்கமும் சொன்னார். தாய்க்கு ஆங்கிலம் தெரியாது.

தாய் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒட்டிய தாளின் மேல் ஒருமுறை உள்ளங்கையை வைத்தார். கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் பார்த்தார். அதற்குப் பிறகு புரட்ட ஒன்றும் இருக்கவில்லை. மகளைப் பார்த்து ஸ்பானிஷில் மெதுவாக ஏதோ சொன்னார். மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் பிரெஞ்சில் சொன்னாள்:

"உன் அப்பாவிடம் கேட்கச் சொல்கிறார் அம்மா. அழிக்க முந்திப் பார்த்தாரா? கடைசிப் பக்கத்தில் என்ன இருந்தது?"

அவளுடைய அப்பா வந்த பிறகு பார்க்கலாம் என்று வைத்திருந்த பக்கம் அது. அவர் வரும்வரை காத்திராமல் தாய் அதைக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு அந்த வாசலில் வைத்துத்தான் விளங்கியிருக்கும். இது இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்பதுதான்.

"என்ன சொல்லுறா?" என்றார் அப்பா.

"நன்றி எண்டு சொல்லுறா, அப்பா. வடிவா ஒட்டியிருக்காம். ரீச்சருக்குக் காட்டக் கொண்டுபோகட்டோ எண்டு கேக்கிறா."

அப்பா சிரித்தார். "கொண்டுபோகட்டும். வடிவாக் காட்டட்டும்" என்றார். நான் சிநேகிதியிடம் திரும்பி, அவருக்கு ஞாபகம் இல்லையாம் என்று பிரெஞ்சில் சொன்னேன். அப்படிப்பட்ட கேள்விக்கு ஒரு மனிதர் சிரித்துக்கொண்டு பதில் சொல்லமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழந்தையின் மூக்கைத் துடைக்கக் குனிந்துவிட்டாள். கதவு சாத்தியதும் அம்மா, "குடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு போகினம்" என்று முணுமுணுத்தார். யன்னலில் பனி பெய்துகொண்டிருந்தது. நான் நாட்குறிப்பை எடுத்து இரண்டு வரி எழுதினேன்.

பெப்ரவரிக் கூடலில் எங்களைக் கூப்பிட்டபோது நான் எழுந்து போகவில்லை. அவள் தனியாகப் போனாள். ஒரு வரி ஸ்பானிஷில் சொன்னாள். மூக்கால் மூச்செடுத்தாள். பிறகு என் வரிக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பேசாமல் நின்றாள். அடுத்த வரியைச் சொன்னாள். மறுபடி நின்றாள். பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்த ஆசிரியை பாதியிலேயே கைதட்டத் தொடங்கினார். பெற்றோரும் தட்டினார்கள். எங்கள் அம்மாவும் தட்டினார்.

யூலை முதலாம் திகதி, நகரமே வீடு மாறும் நாளில், அவர்கள் போனார்கள். டொரொன்டோவுக்குப் போனவர்கள் கடைசியில் அவர்கள்தான். நடைபாதையில் ஒரு மெத்தையும் ஆறு பெட்டிகளும் நின்றன. நான் படச்சுருள் டப்பாவைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"என்ன இது?"

"உன் அப்பா எழுதினது. எல்லாம் இதுக்குள்ள இருக்கு."

அவள் அதைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வான் வண்டியில் ஏறினாள். அதற்குப் பிறகு அவளை நான் கண்டதில்லை. தேடியிருக்கிறேன். கல்யாணமாகியிருந்தால் அவளுடைய பெயரும் மாறியிருக்கும்.

நாங்கள் டொரொன்டோ போகவில்லை. மொன்றியலிலேயே, பியர்பொன்ட்ஸில் ஒரு சிறு வீடு வாங்கினோம். அம்மா இல்லை. அப்பாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது, எங்களோடுதான் இருக்கிறார். விரல்கள் ஆறிவிட்டன. ஆனால் வாசலின் பூசும் பழக்கம் போகவில்லை, தானே பூசிக்கொள்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை என் மகள் பாடசாலை நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். அவள் மூன்றாம் மொழியாக ஸ்பானிஷ் படிக்கிறாள். சிறுவர் பாட்டுகள், இடப்பக்கம் ஸ்பானிஷ், வலப்பக்கம் ஆங்கிலம். வேறு புத்தகம்தான். அப்பா அதை வாங்கிப் பக்க ஓரத்தைத் தடவினார்.

"இப்பிடி ஒண்டு உன்ரை அம்மாவுக்கும் கிடைச்சது. நான்தான் வடிவா ஒட்டிக் குடுத்தனான். பார்த்த சனம் நன்றி சொல்லிச்சுதுகள்."

"எங்க அது, தாத்தா?" என்றாள் மகள்.

"ரீச்சர் கொண்டுபோனவ. பேந்து தரேல்லை."

மகள் சிரித்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். நான் அப்பாவுக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்தேன்.

"அப்பா, அழிக்கேக்கை கடைசிப் பக்கத்திலை என்ன இருந்தது எண்டு ஞாபகம் இருக்கோ?"

"அதை ஏன் இப்ப கேக்கிறாய்?"

"கேக்கச் சொன்னவ."

"ஆர்?"

"எதிர்வீட்டு அம்மா."

அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அண்டைக்கு அவ கேட்டது அதையோ?" என்றார். ஓம் என்றேன். எழுதினது யார் என்பதையும், அவருக்கு என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். சொல்ல இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"சின்னப்பிள்ளை கீறினதில்லை எண்டு தெரிஞ்சதுதான்" என்றார் அப்பா. "நல்ல கை. அழிக்க மனம் வரேல்லை. பக்கம் சுத்தமா இருக்கோணும், உன்ரை பேர் எழுதோணும் எண்டு நினைச்சன். வேறை ஒண்டும் நினைக்கேல்லை."

"என்ன கீறியிருந்தது, அப்பா?"

"ஒரு வீட்டு வாசல். செருப்பு, வரிசையா. எங்கடை வாசல் மாதிரி இருக்கே எண்டு பாத்தனான். நாலு சோடி சரி, ஒரு குடும்பம். ஐஞ்சாவதுதான் எனக்கு விளங்கேல்லை. அது ஒருத்தற்றை காலுக்கும் அளவாத் தெரியேல்லை. உள்ளுக்குத் தண்ணி நிண்டது."

ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் அவ்வளவு அளவாகத் தாள் வெட்டி ஒட்டிய அப்பா, வலப்பக்கத்து ஆங்கிலத்தில் ஏழாவது பாட்டை வாசித்திருக்கவில்லை. அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அப்பா எழுந்து போன பிறகு அலுமாரியிலிருந்து முதல் கொப்பியை எடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமையின் இரண்டு வரிகளுக்குக் கீழே இடமிருந்தது. இன்றைய எழுத்தில், பென்சிலால் எழுதினேன்: கடைசிப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசல். வாசலில் ஐந்து சோடிச் செருப்பு. அப்பாவுடையது ஒன்று, அம்மாவுடையது ஒன்று, பிள்ளைகளுடையவை இரண்டு. மழையுடையது ஒன்று.